முதுகு காட்டிப் பேசியது

எங்கள் பள்ளியில் ஆபீஸ் என்பது பிளஸ் டூ தொழிற்கல்விப் பிரிவு வகுப்பின் கடைசி மூலையில் இருந்தது. கால் ஆடும் ஒரு மேஜை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், தலைமையாசிரியர் அறையில் வேண்டாம் என்று கழித்துப்போட்ட ஒரு பழைய டெலிபோன். அதன் ஒயர் மேஜைக்குக் கீழே சுருண்டு கிடக்கும், எங்கும் போகாது. சனிக்கிழமை காலையில் மட்டும் அந்த மூலைக்கு உயிர் வரும். படித்து முடித்து வேலைக்குப் போகிற பிள்ளைகள் வேலையிடத்தில் பேசவேண்டிய இங்கிலீஷைப் பேசிப் பழக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவும் ஒரு கையேடும் வந்திருந்தன. இங்கிலீஷ் டீச்சர் என்பதால் அது என் தலையில் விடிந்தது. சனிக்கிழமை நான் துணி துவைக்கிற நாள். அந்த எரிச்சல் எனக்கு வருஷம் முழுவதும் இருந்தது, அதை நான் மறைக்கவும் இல்லை.

நான் அரக்கோணத்திலிருந்து ரயிலில் வருகிறவள். எனக்கு இங்கிலீஷ் வந்தது ஞாயிற்றுக்கிழமை சபையில் கேட்ட பிரசங்கத்திலிருந்தும், ரயில்வேயில் இருந்த அப்பா போனில் போட்ட சத்தத்திலிருந்தும்தான். அதனால் வேலையிடத்தில் யாரும் இனிக்க இனிக்கப் பேசுவார்கள் என்று நான் நம்பியதே இல்லை. கையேட்டில் வருகிறவர்களோ எல்லாரும் தங்கமானவர்கள். அதில் மேனேஜருக்குக் கோபம் வராது. கஸ்டமர் நன்றி சொல்லாமல் போகமாட்டார். பிரிண்டர் ரிப்பேர் ஆனால்கூட ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டுதான் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

முதல் பாடம் லீவு கேட்பது. ஒருத்தி மேனேஜர், இன்னொருத்தி வேலை செய்கிறவள். கேட்டதும் மேனேஜர் இந்த வாரம் வேலை அதிகம் என்று பணிவாக மறுக்க வேண்டும். மறுப்பதுதான் அந்தப் பாடத்தின் பயிற்சியே. எங்கள் பிள்ளைகள் எல்லாரும் சொல்லிவைத்ததுபோல ஒரே காரணத்தைச் சொன்னார்கள், திருத்தணி மலையில் கிருத்திகை. தம்பிக்கு மொட்டை, மாமாவுக்குக் காவடி, பெரியம்மாவுக்கு ஒரு வேண்டுதல். மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்த ஒருத்திகூட மறுக்கவில்லை. "மலைக்குப் போறேன்னு சொல்றவள எப்டி மிஸ் போவாதன்னு சொல்றது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். ஒருத்தி லீவும் கொடுத்து, "ப்ளீஸ் பிரிங் விபூதி" என்று ஒரு வரியும் சேர்த்துக்கொண்டாள். அவள் தலையில் அப்போதுதான் மொட்டைக்குப் பிறகான முடி முள்ளு முள்ளாக வந்துகொண்டிருந்தது. நான் கையேட்டை மூடிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன்.

அடுத்தது போன் பாடம். அதில் ஒரு பகுதி எங்களுக்கெல்லாம் வேடிக்கையாக இருந்தது. கூப்பிட்டவர் பேசாமல் இருந்தால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தார்கள். கத்தக் கூடாது. திட்டக் கூடாது. ஹலோ ஹலோ என்று அடுக்கக் கூடாது. "ஐ ஆம் சாரி, ஐ கேனாட் ஹியர் யூ. ப்ளீஸ் கால் அகெய்ன்" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு ரிசீவரை வைக்க வேண்டும். பேசாமல் இருப்பவனிடம் எதற்கு மிஸ் சாரி சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். சம்பளம் வாங்குகிறோம் அல்லவா, அதற்கு என்றேன்.

அந்தப் பாடம் ஒரு பெண்ணுக்காகவே எழுதியதுபோல ஆகிவிட்டது. அவள் பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். ஒல்லி, நெற்றியில் எப்போதும் கொஞ்சம் வியர்வை. எழுதக் கொடுத்தால் வகுப்பிலேயே அவள்தான் முதல். எழுப்பிப் பேசச் சொன்னால் உதடு அசையும், சத்தம் வராது. முதல் தடவை அவள் என்னைக் கிண்டல் செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். உதடு சரியாக அசைந்தது, முகத்தில் பாவம் எல்லாம் இருந்தது, கேள்விக்குப் புருவம்கூட உயர்ந்தது. டி.வி.யில் சத்தத்தை மட்டும் யாரோ அமுக்கிவிட்டதுபோல இருந்தது. வகுப்பில் அவளுக்கு 'மியூட்டு' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள், அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள்.

"சத்தமா பேசு" என்றேன்.

அவள் பேசினாள். பக்கத்து வகுப்பிலிருந்து கணக்கு டீச்சர் என்ன கலாட்டா என்று பார்க்க ஓடி வந்துவிட்டார். "ஹவ் மே ஐ ஹெல்ப் யூ" என்பதை அவள் சந்தையில் காணாமல்போன பிள்ளையைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டிருந்தாள். ஆக அவளிடம் இரண்டு அளவுதான் இருந்தது, ஒன்று சுத்தமாக இல்லாதது, மற்றது ஊரைக் கூட்டுவது. நடுவில் ஒன்றும் கிடையாது. டெலிபோன் மேஜையில் அவள் கூப்பிடுகிறவளாக உட்கார்ந்தால் எதிரே இருப்பவள் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே, "ஐ கேனாட் ஹியர் யூ, ப்ளீஸ் கால் அகெய்ன்" என்பாள். வகுப்பே சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாள், அதிலும் சத்தம் இருக்காது.

எனக்குப் பொறுமை குறைவு. அதனால் ஒரு வழி செய்தேன். போனில் பேசுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, ஆகவே இனிமேல் எல்லாரும் முதுகோடு முதுகாக உட்கார்ந்துதான் பேச வேண்டும் என்றேன். மற்றவர்களுக்கு அது விளையாட்டாக இருந்தது. அவளுக்கு நானே ஜோடியாக உட்கார்ந்தேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு, "குட் மார்னிங்" என்றேன். பின்னாலிருந்து ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அப்புறம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டிருந்தாள். அழுதுகொண்டே போனாள் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. திங்கட்கிழமை நடைவழியில் நிறுத்திக் கேட்டேன். கொஞ்ச நேரம் உதட்டை மட்டும் அசைத்தாள். நான் கையைக் காதுக்குப் பின்னால் வைத்ததும் குரலுக்கு வந்தாள்.

"என் மேல இன்னா கோவம் மிஸ் உங்களுக்கு?"

"எனக்கு என்ன கோபம்? போன் பேசப் பழகத்தானே உட்கார்ந்தோம்?"

"மூஞ்சிய திருப்பிக்கினீங்களே மிஸ்."

அப்புறம்தான் சொன்னாள். அவள் வீட்டுக் கூடத்தில் நாலு பவர்லூம் தறிகள். விடிந்ததிலிருந்து ஓடும், தெருவில் எல்லா வீட்டிலும் ஓடும். அந்தச் சத்தத்தில் குரல் எடுத்துப் பிரயோஜனம் இல்லை. அதனால் வீட்டில் யாரும் பேசிக்கொள்வதில்லை, வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். இந்தத் தறிக்கும் அந்தத் தறிக்கும், இந்த வீட்டு வாசலுக்கும் எதிர்வீட்டு வாசலுக்கும் உதட்டாலும் கையாலும்தான் பேச்சு. யாராவது தெருக்கோடியில் போனால் மட்டும் உயிரைக் கொடுத்துக் கத்துவார்கள்.

"திரும்பிக்கினா சண்டைன்னு அர்த்தம் மிஸ். எங்க நைனாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை வந்தா மூஞ்சிய திருப்பிக்குவாங்க. அப்புறம் இன்னா சொன்னாலும் போய்ச் சேராது. அவங்களா திரும்பற வரைக்கும் அவ்ளோதான்."

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னிடம் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள், இப்படி ஒரு காரணத்துக்கு யாரும் கோபித்ததில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். திரும்பி உட்கார்வது சண்டை இல்லை, நீ பேசுவாய் என்று நம்பித்தான் திரும்புகிறேன் என்று சொன்னேன். அப்படி ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னதுதான், ஆனால் அவள் தலையாட்டினாள்.

அதன் பிறகு பழகினோம். நான் சுவரைப் பார்த்து உட்காருவேன். குரல் அதிகமானால் கையைத் தூக்குவேன், காணாமல்போனால் "ஐ கேனாட் ஹியர் யூ" என்பேன். கையைத் தூக்குவதும் அந்த வரியைச் சொல்வதுமாகப் பல சனிக்கிழமைகள் போயின. துணி ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போனது. நடு அளவு அவளுக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஒரு வரி சரியாக வரும், அடுத்த வரி போய்விடும். தை பிறந்து பொங்கல் லீவு முடிந்து வந்தபோது ஒருநாள், கையேட்டின் ஆஸ்பத்திரிப் பாடத்தில் பேஷண்ட் பேர் கேட்டு, டாக்டர் இருக்கிற நேரம் சொல்லி, நன்றி சொல்லி வைப்பது வரைக்கும் ஒரே சீராகப் பேசினாள். அந்தக் குரல் நான் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கனமாக இருந்தது. வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பெல் அடித்துவிட்டதால் சொல்லவில்லை.

ஏன் இவ்வளவு பாடுபடுகிறாய் என்று நான் கேட்டதில்லை. அவளாகவே ஒருநாள் நான் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வரும்போது சொன்னாள். வீட்டில் நாலாவது தறி கொஞ்ச நாளாக நின்றிருக்கிறது. அதை ஓட்டிய சித்தப்பா சென்னையில் கார் ஓட்டப் போய்விட்டார். பரீட்சை முடிந்ததும் அதில் இவள் உட்கார வேண்டும். யாரும் மிரட்டவில்லை, வற்புறுத்தவும் இல்லை, தறி சும்மா நிற்கிறது, அவ்வளவுதான்.

"அதுல உக்காந்தா எழுந்திரிக்க மாட்டேன் மிஸ். எனக்கு வேணாம்."

வேறு எங்கேயாவது வேலை கிடைத்தால் போகட்டும், இல்லையென்றால் தறி என்று அவளுடைய நைனா சொல்லியிருந்தார். நியாயமான மனிதர்தான்.

சென்னைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண்மணி எங்கள் பள்ளிக்கு வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். அப்பாயின்ட்மென்ட் கேட்டு வரும் போன்களை எடுக்க ஆள் வேண்டும், தங்க இடமும் உண்டு. ரிசல்ட் வந்த பிறகு முதல் தேர்வு போனிலேயே நடக்கும், அதில் தேறினால் நேரில் கூப்பிடுவார்கள். பேர் கொடுத்தவர்கள் பல பேர். போனை எடுத்துப் பேச வேண்டும் என்றதும் பாதிப் பேர் பின்வாங்கிவிட்டார்கள். இவள் பின்வாங்கவில்லை.

கோடை விடுமுறையில் ஒருநாள் இவள் எனக்குப் போன் செய்தாள். எந்த நாள் வசதி என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்களாம், இவள் வியாழக்கிழமை காலை என்று சொல்லியிருந்தாள். அதற்கு ஒரு கணக்கு இருந்தது. மாதம் ஒருமுறை பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள் அல்லவா, அந்த மாதம் அவர்கள் ஊருக்கு அந்த வியாழக்கிழமைதான். கரண்ட் இல்லையென்றால் தறி இல்லை, தறி இல்லையென்றால் சத்தம் இல்லை. ஊரே திட்டுகிற ஒரு நாளை அவள் தேடிப்பிடித்து எடுத்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"நீங்க கூட இருந்தா நல்லாயிருக்கும்னு அம்மா சொல்லுது மிஸ்" என்றாள். அந்த வெயிலில் யார் போவது என்று அலுத்துக்கொண்டுதான் போனேன். திருத்தணியில் இறங்கி பஸ் மாறினேன். வழியில் நிழல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

அந்தத் தெருவுக்குள் நுழையும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, எல்லா வீட்டிலும். பராமரிப்பை வேறு நாளுக்கு மாற்றிவிட்டார்களாம், கரண்ட் ஜம்மென்று இருந்தது. அவள் வாசலில் புது சுடிதாரோடு நின்று கூடத்து டியூப்லைட்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உதட்டை அசைத்தாள். கரண்ட் போகவில்லை மிஸ். ஒரு வருஷப் பழக்கத்தில் எனக்கும் அவ்வளவு படிக்க வந்திருந்தது.

அவள் அம்மா இரண்டு தறிகளுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்தார். தோளில் நூல் தூசி. என் காதருகே வந்து, "வாங்க டீச்சர், மோர் குடிக்கிறீங்களா" என்று கத்தினார். நைனா நெய்த லுங்கிகளை முதலாளியிடம் கொண்டுபோய்ப் போடப் போயிருந்தார். நான் அவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து, ஏரிக்கரைப் பக்கம் போய்விடலாமா என்று கேட்டேன். அங்கே டவர் கிடைக்காது என்றாள். மெயின் ரோட்டில்? பஸ்ஸும் ஹாரனும். நேரமும் இல்லை, அவர்கள் சொன்ன நேரம் கிட்டத்தட்ட வந்துவிட்டிருந்தது. போன் அவள் கையில் வியர்வையில் நனைந்திருந்தது.

அம்மா எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அவரே போய்த் தன் தறிகளின் ஸ்விட்சை ஒவ்வொன்றாக அணைத்தார். அப்போதும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்துகொண்டேயிருந்தது. பிறகு வாசலுக்குப் போய் நின்றார். எதிர்வீட்டுக்காரம்மா நிமிர்ந்து பார்க்கும் வரை காத்திருந்தார். பார்த்ததும் கையைக் காதில் வைத்துக் காட்டினார், மகளைக் காட்டினார், உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினார். உதடு ஒரு வார்த்தையோ இரண்டு வார்த்தையோ சொன்னது. எதிர்வீட்டுக்காரம்மா உள்ளே போனார், அந்த வீட்டுத் தறி நின்றது. அவர் வெளியே வந்து அடுத்த வாசலுக்கு அதையே செய்து காட்டினார். அது அப்படியே இரண்டு பக்கமும் தெருவோடு போனது. சத்தம் ஒவ்வொரு வீடாகக் குறைந்தது. நெய்கிற மீட்டருக்குத்தான் கூலி, நின்ற நேரத்துக்கு யாரும் தரமாட்டார்கள். ஆனாலும் நிறுத்துவதற்கு முன்னால் ஒருவரும் ஏன் என்று கேட்டு நான் பார்க்கவில்லை.

கடைசித் தறியும் நின்றதும் காது அடைத்ததுபோல ஆகிவிட்டது. ஃபேன் ஓடுவது கேட்டது. எங்கேயோ குக்கர் விசில் கேட்டது. பெண்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து நின்றார்கள். அதில் ஒருவர் "இன்னாவாம்?" என்று கேட்டார், வழக்கமான தெருக்கோடிச் சத்தத்தில். அது அவருக்கே தூக்கிவாரிப்போட்டது, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

போன் அடித்தது. தறிச் சத்தத்திலும் கேட்கவேண்டுமே என்று அம்மா அதில் சத்தத்தையெல்லாம் உச்சத்தில் வைத்திருந்தார். அந்தப்பக்கம் பேசியது தெருவுக்கே கேட்டது.

"ஹலோ, குட் மார்னிங்."

அவள் உதடு அசைந்தது. குட் மார்னிங் மேடம். அழகாக, நிதானமாக. ஒரு சொட்டுக்கூடச் சத்தம் வரவில்லை.

"ஹலோ? ஆர் யூ தேர்?"

யெஸ் மேடம் என்றது உதடு. அவளுக்கு எதிரே அம்மா நின்றிருந்தார், அவள் வாயையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு. அம்மாவைப் பொறுத்தவரை மகள் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை அவளுக்குக் குரல் வராது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதை எப்படிச் சொல்வது? அந்த வீட்டில் திரும்பிக்கொள் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

"ஐ ஆம் சாரி, ஐ கேனாட் ஹியர் யூ" என்றது போன்.

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே அம்மாவைப் பார்த்து உதட்டை அசைத்தாள். திரும்பிக்கோம்மா. அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. என்னைப் பார்த்தார். நானே முதலில் திரும்பி நின்றுகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் புடவை உரசுவது கேட்டது, அவரும் திரும்பிவிட்டார். இரண்டு பேரும் பின்சுவரைப் பார்த்து நின்றோம். எங்களுக்கு முன்னால் அந்த நாலாவது தறி இருந்தது, அதன் மேல் காயவைத்து எடுத்த துணியைக் குவித்திருந்தார்கள்.

"குட் மார்னிங் மேடம். ஐ ஆம் சாரி. நவ் ஐ கேன் ஹியர் யூ வெரி வெல்."

அந்தக் குரல்தான். நடு அளவு. சனிக்கிழமைக் குரல். படிப்பைக் கேட்டார்கள், சொன்னாள். எந்த ஊர் என்று கேட்டார்கள், சொன்னாள். பிறகு அந்தப் பெண்மணி கோபக்கார பேஷண்டாக மாறி, எத்தனை நேரம் காத்திருப்பது, உங்கள் டாக்டருக்கு மனசாட்சி இருக்கிறதா என்று இங்கிலீஷில் பொரிந்து தள்ளினார். இவள் பதறவில்லை. உங்கள் சிரமம் புரிகிறது, ஒரு நிமிஷம் கொடுங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றாள். என் கையேட்டில் இருந்த வரிகள்தான். ஆனால் கையேட்டைப் பார்த்து வாசித்ததுபோல இல்லை, உண்மையாகவே யாரோ காத்திருப்பதுபோலச் சொன்னாள். முடிந்ததும் நன்றி சொன்னாள், அந்தப்பக்கமும் நன்றி சொல்லி வைத்தார்கள்.

அம்மா உடனே திரும்பவில்லை. ஒரு கையைத் தறியின் கட்டையில் ஊன்றி அப்படியே நின்றிருந்தார். அவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. பிறகு என்னிடம் மெதுவாக, கத்தாமல் சொன்னார். அவருடைய குரலையும் நான் அப்போதுதான் சரியாகக் கேட்டேன்.

"இவ கொரலு இப்டி இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க டீச்சர்."

நல்ல குரல் என்றேன். ஆங் என்றார். அதற்குள் தெருவில் ஒரு தறி ஓட ஆரம்பித்தது, பிறகு அடுத்தது. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போய் ஸ்விட்சைப் போட்டார். மோர் குடித்துவிட்டுக் கிளம்பினேன். திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை.

அவளுக்கு வேலை கிடைத்தது. நேரில் கூப்பிட்டபோது நைனா கூடப் போய்விட்டு வந்தார், தங்கும் இடத்தையும் பார்த்துவிட்டுச் சரி என்றார். நாலாவது தறிக்கு கே.ஜி.கண்டிகைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாவைக் கூலிக்கு அமர்த்தியதாகக் கேள்விப்பட்டேன். பள்ளியில் அடுத்த வருஷத்துப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களும் கிருத்திகைக்கு லீவு கேட்டார்கள், மேனேஜர்கள் கொடுத்தார்கள். நான் இப்போதெல்லாம் போன் பாடத்தில் எல்லாரையும் முதுகோடு முதுகாகத்தான் உட்காரவைக்கிறேன்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தவள் பள்ளிக்கும் வந்தாள், ஒரு ஸ்வீட் பாக்ஸோடு. காதுக்குப் பின்னால் ஹெட்போன் அழுத்திய தடம் இருந்தது. நின்று, என் முகத்தைப் பார்த்து, நடு அளவில் பேசினாள். வேலை எப்படி என்று கேட்டேன். திட்டுகிறவர்கள் அதிகம், கையேட்டில் இருக்கிற மாதிரி ஒருத்தரும் இல்லை மிஸ் என்றாள். நான் முன்பே சொன்னேனே என்றேன். வீட்டுக்குப் பேசுவாயா என்றதற்கு, ராத்திரி சாப்பிட்டதும் வீடியோவில் கூப்பிடுவேன், எப்பவும்போல வாயை அசைத்துத்தான் பேசிக்கொள்வோம் என்றாள். அங்கே தறி ஓடும், இங்கே ஹாஸ்டலில் கூட இருக்கிறவர்கள் படித்துக்கொண்டிருப்பார்கள், யாருக்கும் தொந்தரவு இல்லை.

அப்புறம் இதைச் சொன்னாள்.

"டெய்லி மத்தியானம் டெஸ்க்குக்கு ஒரு கால் வரும் மிஸ். வேற யாராவது எடுத்தா உடனே கட் ஆயிடும். நான் எடுத்தா மட்டும் நிக்கும். ஆனா பேச மாட்டாங்க."

"யாரது?"

"நம்பர் தெரியுதே மிஸ். அம்மாதான். பின்னாடி ஒரு சத்தமும் இருக்காது. தறிய நிறுத்திட்டுத்தான் கூப்பிடுது."

"நீ பேச வேண்டியதுதானே?"

"சொந்தப் பேச்சு பேசக் கூடாது மிஸ், எல்லாம் ரெக்கார்ட் ஆவுது. அம்மாவுக்கும் தெரியும். அதான் அது வாயத் தொறக்காது. குட் ஆஃப்டர்நூன்ல ஆரம்பிச்சு ஆஸ்பத்திரி பேரெல்லாம் சொல்லி, ஹவ் மே ஐ ஹெல்ப் யூன்னு முழுசா சொல்லுவேன். கொஞ்சம் நேரம் விட்டு அந்த வரியச் சொல்லிட்டு வெச்சுடுவேன்."

அவளாகவே சொல்லிக் காட்டினாள், வேலையில் சொல்வதைப்போலவே, நிதானமாக.

"ஐ ஆம் சாரி, ஐ கேனாட் ஹியர் யூ. ப்ளீஸ் கால் அகெய்ன்."

பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அதுக்கு இங்கிலீஷ் ஒண்ணும் தெரியாது மிஸ். ஆனா மறுநாளும் கரெக்டா கூப்பிடுது."